வயோமிங்கில் ஊர் கேட்டவன்

ஸ்காபரோ,
1997 சித்திரை

தம்பி,

நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதித்தான் தொடங்கவேண்டும். எழுதினால் நீ நம்பமாட்டாய், ஆகவே விட்டுவிடுகிறேன். முழங்கால் வலிக்கிறது, சீனி வருத்தம் ஓரளவு சொல்வழி கேட்கிறது, பத்தாம் மாடி ஹீற்றர் இன்னமும் சத்தம் போடுகிறது. போன கிழமை நீ தொலைபேசியில் சொன்னதற்குப் பதில் சொல்லாமல் நான் வைத்துவிட்டேன். கோபத்தில் வைக்கவில்லை என்றால் பொய். கோபம்தான். கோபம் இரண்டொரு நாளில் இறங்கிவிட்டது, ஆனால் அதற்கு அடியில் கிடந்தது இறங்கவில்லை. அதைத் தொலைபேசியில் சொல்ல எனக்கு வராது. நீ இடைக்கிடை "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்பாய், நான் அங்கே குளிர் எப்படி என்று கேட்டுக் கதையை முடித்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாக வாசி.

நீ சொன்னது இதுதான். வதனியைக் கட்ட உனக்கு விருப்பம், வதனிக்கும் விருப்பம். அவளுடைய அப்பா, மாஸ்ரர், மறுப்பில்லை என்கிறார். ஆனால் ஒன்று கேட்கிறார். "உம்மடை அப்பா எங்கடை வீட்டிலை வந்து ஒரு நேரம் சாப்பிடட்டும், பிறகு கலியாணம் கதைப்பம்" என்றாராம். எனக்குக் கோபம் வந்தது இதற்குத்தான். எங்கள் வழக்கத்தில் சம்பந்தம் பேசி முடியும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கைநனைப்பதில்லை. இந்த மனிதர் தலைகீழாகக் கேட்கிறார், முதலில் கைநனை, பிறகு பேசலாம் என்கிறார். மாப்பிள்ளையின் தகப்பனுக்கு நிபந்தனை போட இவர் யார் என்று ஹோலுக்குள் நடந்து நடந்து கத்தினேன். கேட்க ஒருவரும் இல்லை. நான் போகாவிட்டால் அவர் சம்மதிக்கமாட்டார். அவர் சம்மதிக்காமல் அந்தப் பிள்ளை வரமாட்டாள். நீ வயோமிங்கின் அந்த வெட்டவெளியில் ஒற்றை ஆளாகக் கிடப்பாய். இது எனக்கு விளங்காமல் இல்லை.

அம்மா போய் இரண்டாவது பனிக்காலம் வந்தபோது நீதான் கூப்பிட்டாய், இந்த விண்டரை என்னோடு வந்து இருங்கோ என்று. ஸ்காபரோவில் எனக்கு என்ன குறை என்று முதலில் வீம்பு பேசினேன். கீழே இறங்கினால் தமிழ்க் கடை. லிப்ற்றில் தமிழ், உடுப்புத் தோய்க்கும் அறையில் தமிழ், பஸ்ஸில் பின்சீற்றில் தமிழ். இலவசப் பேப்பரில் மரண அறிவித்தல் பக்கத்தை விரித்தால் ஊரே இருக்கும். ஆனால் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டால் தொலைக்காட்சி மட்டும்தான். சில நாட்களில் பின்னேரம் வரை நான் வாயே திறந்ததில்லை என்பது, கடைக்காரனிடம் ஏதாவது கேட்கப்போய்க் குரல் அடைத்துக்கொள்ளும்போதுதான் தெரியவரும். மகனோடு இருந்தால் இது தீரும் என்று நினைத்துத்தான் விமானம் ஏறினேன்.

டென்வரில் இருந்து நான்கு மணித்தியாலம் நீ காரோட்டிய அந்தப் பயணத்தை நான் மறக்கவில்லை. இந்த மாநிலத்துக்குள் நாலு இலங்கையை வைக்கலாம் அப்பா, ஆனால் முழுச் சனத்தையும் எண்ணினால் ஸ்காபரோவில் இருக்கிற சனத்தைவிடக் குறைவு என்று சொன்னாய். நீ பகிடி விடுகிறாய் என்று நினைத்தேன். லாரமி தாண்டிய பிறகு பகிடி இல்லை என்று தெரிந்தது. வீதிக்கு இரண்டு பக்கமும் மரமே கிடையாது. முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் பூத்த பற்றை, அதற்குள் மேயும் மான் போன்ற மிருகம், இடையிடையே ஆளில்லாத வெளியில் நீளத்துக்கு மரவேலி. மாட்டுக்கா என்று கேட்டேன். மாட்டுக்கு இல்லை, வீதியில் பனி வந்து மூடாமல் மறிக்க என்றாய். ஊர் எல்லைப் பலகைகளில் ஊரின் பெயரோடு அதன் உயரத்தையும் சனத்தொகையையும் எழுதி வைத்திருந்தார்கள். ஆள் குறைந்த இடத்தில்தான் இப்படி ஆளை எண்ணிப் பலகையில் போடுவார்கள் போலும். உன் ஊர் நுவரெலியாவைவிட உயரத்தில் இருக்கிறது. அதற்கு அப்பால் ஒரு பெரிய பள்ளமான தரை இருக்கிறதாம், அங்கே விழுகிற மழை கிழக்குக் கடலுக்கும் போகாது, மேற்குக் கடலுக்கும் போகாது, விழுந்த இடத்திலேயே காய்ந்துவிடும். நீ அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த ஊர் வாழ்க்கை எனக்குப் பிடிபடக் கொஞ்ச நாள் எடுத்தது. முதலில் மூக்கால் இரத்தம் வந்தது. காற்றில் ஈரமே இல்லை, கை சுரசுரத்து வெடித்தது. பருப்பைப் போட்டால் அவியவே மாட்டாது. உயரத்தில் தண்ணீர் கெதியாகக் கொதித்துவிடும், ஆனால் அந்தக் கொதியில் சூடு போதாது என்று நீ விளக்கி, பிறகு ஒரு பிறஷர் குக்கர் வாங்கி வந்தாய். எல்லாவற்றையும்விடக் காற்று. ஓயாத காற்று. காரின் கதவைக் காற்றுப் பக்கம் திறக்காதேங்கோ, பிடுங்கிக்கொண்டு போகும் என்று நீ சொன்னதையும் நான் பகிடி என்று நினைத்தேன். நீ எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலைக்கு விடிய முதல் போனால் இருட்டின பிறகுதான் வருவாய். நடுவில் நானும் காற்றும். ஸ்காபரோவில் என்னைச் சுற்றிச் சனம் இருந்தது, கதைக்கத்தான் ஆளில்லை. அங்கே சனமும் இல்லை.

பக்கத்து வீட்டு ஹெலன்தான் என்னை நூலகத்துக்குக் கூட்டிப்போனவர். உனக்குத் தெரியும், அவருடைய வாய்க்கு ஓய்வில்லை. அவருடைய பாட்டனார் காலத்தில் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டதாம், ஐந்து வருடம் குடியிருந்து காட்டினால் நூற்றறுபது ஏக்கர் உனக்கு என்று. ஐந்து வருடம் அந்தக் காற்றைத் தாங்க முடியாமல் எத்தனையோ பேர் விட்டுவிட்டு ஓடினார்களாம். அமெரிக்காவில் முதன்முதலில் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்ததும் அங்கேதான், அதனால் சமத்துவ மாநிலம் என்று பட்டப்பெயர் என்றார். அவ்வளவு நல்ல மனிதர்களா என்று கேட்டேன். ஹெலன் விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல மனதெல்லாம் இல்லை, பெண்களே வந்து குடியேறவில்லை, அந்தச் சட்டத்தைப் பார்த்தாவது யாராவது வரட்டும் என்று போட்டது என்றார். ஷொஷோனி, அரப்பஹோ மக்களை ஒரு மூலைக்கு ஒதுக்கிவிட்டுத்தான் அந்த ஏக்கர்களை அளந்தார்கள் என்பது ஹெலனின் கதையில் வரவில்லை. அதை நூலகப் புத்தகத்தில் நானாக எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

முதல் கிழமையே நான் செய்த வேலை உனக்கு ஞாபகம் இருக்கும். நாங்கள் எந்த நாட்டில் எந்த ஊரில் போய் இறங்கினாலும் முதலில் தொலைபேசிப் புத்தகத்தைத் தூக்கித் தமிழ்ப் பெயர் தேடுகிற ஆட்கள். உன் ஊரில் ஒன்றும் இல்லை. லாரமிப் பக்கத்தில் ஒரு பெயர் இருந்தது. உடனே அந்த இலக்கத்துக்கு எடுத்தேன். "ஹலோ, தமிழோ?" என்றேன். அந்தப் பக்கத்தில் இருந்து "ஓம் அண்ணை, தமிழ்தான்" என்ற குரல். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அன்று நீ வேலையால் வந்ததும் பெரிய கண்டுபிடிப்பாகச் சொன்னேன். நீ சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, தெரியும் அப்பா, மாஸ்ரர், பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறார், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே போகிறனான் என்றாய். மூன்று வருடமாக அங்கே இருக்கிறாய், இப்படி ஒரு குடும்பம் இருப்பதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் ஒளித்தாய் என்று மனதுக்குள் புழுங்கினேன். இப்போது விளங்குகிறது. உனக்கு உன் அப்பாவைத் தெரியும்.

அதன்பிறகு என் பகல்கள் மாறின. மாஸ்ரர் பள்ளிக்கூடம் முடிந்து வந்ததும் எனக்குத் தொலைபேசி எடுப்பார். யாழ்ப்பாணத்துச் செய்தி, சாம்பியாவில் அவர் படிப்பித்த காலம், பஞ்சாங்கம், முழங்கால் வலிக்கு என்ன பூசலாம், எல்லாம் கதைத்தோம். அம்மா போன பிறகு நான் யாரோடும் அவ்வளவு கதைத்ததில்லை. ஞாயிறுகளில் நீ வரும்போது அவருடைய மனைவி ஐஸ்கிறீம் பெட்டிகளில் கறி அடைத்து அனுப்புவார். கத்தரிக்காய்ப் பால்கறி, மீன் குழம்பு, மாசிக் கருவாடு போட்ட சம்பல். நான் விரலைச் சூப்பிச் சூப்பிச் சாப்பிட்டதை நீ பார்த்துக்கொண்டிருந்தாய். ஒருநாள் நூலகத்தில் வாசித்த ஒன்றை மாஸ்ரருக்குச் சொன்னேன். இரயில் பாதை போட வந்த சீனர்கள் பிறகு மேற்கே ராக் ஸ்பிரிங்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தார்கள், மற்றத் தொழிலாளிகள் ஒருநாள் அவர்களை அடித்துக் கொன்று குடியிருப்பைக் கொளுத்தித் துரத்திவிட்டார்கள். எங்களுக்கு நடந்ததுதான் மாஸ்ரர், குறைந்த சனம் எண்டால் எல்லாரும் ஏறி மிதிப்பான் என்று ஆவேசமாகக் கதைத்தேன். அவர் "ஓம் அண்ணை, எல்லா இடமும் உப்பிடித்தான்" என்றார். நான் மேலே மேலே பேசிக்கொண்டே போனேன்.

எல்லாம் கதைத்த மனிதர் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. ஊரில் எவடம் என்று நான் எந்தப் பக்கத்தால் கேட்டாலும், அது கனகாலம் அண்ணை, சாம்பியாதான் எனக்கு ஊர் என்று நழுவிவிடுவார். அது எனக்குள் அரிக்கத் தொடங்கியது. தம்பி, அந்தக் கேள்வியைப் பற்றி உனக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஸ்காபரோவில் லிப்ற் பத்தாம் மாடிக்கு ஏறி முடிய முதல் நான் அதைக் கேட்டுவிடுவேன். ஊரில் எவடம், எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி, ஆருடைய மகன். அப்படிக் கேட்டு உன் பெரியம்மாவின் ஒன்றுவிட்ட தங்கையை ஒரு மளிகைக்கடை வரிசையில் கண்டுபிடித்து இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுததும் உண்டு. ஆனால் மூன்றாவது கேள்விக்கு வரும்போது நாங்கள் ஊரை விசாரிப்பதில்லை, சாதியை விசாரிக்கிறோம். கேட்கிறவனுக்கும் அது தெரியும், கேட்கப்படுகிறவனுக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் இத்தனை வருடமும் கேட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ அவர்களை மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தாய். பெண் பார்க்கத்தான் அழைத்திருக்கிறாய் என்பது எனக்குத் தெரியாது. மாஸ்ரர், மனைவி, வதனி, மூன்று பேரும் நூறு மைல் ஓடி வந்தார்கள். இடியப்பமும் சொதியும் கறிகளும் கொண்டுவந்து, நான்தான் பசியில் இருப்பேன் என்று எனக்குத்தான் முதலில் பரிமாறினார்கள். நான் சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, ஊரில் எவடம் என்று சிரித்த முகத்தோடு தொடங்கினேன். மாஸ்ரர் ஊரின் பெயரைச் சொன்னார். எங்களுக்கு அடுத்த ஊர். அடடே என்றேன். எந்தப் பக்கம் என்றேன். அவர் கறிச் சட்டியை என் பக்கம் நகர்த்தினார். நீ "அப்பா, சாப்பிடுங்கோ" என்றாய். நான் விடவில்லை, எந்தக் கோயிலடி என்றேன். மாஸ்ரர் என்னை நேராகப் பார்த்தார். "அண்ணை, நீங்கள் கோயிலைக் கேக்கேல்லை. சுடலைக்குப் போற ஒழுங்கை முடியிற இடத்திலைதான் எங்கடை வீடு. இப்ப விளங்கிச்சோ?" என்றார். விளங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததை நீ பார்த்தாய், ஆனால் எனக்கு உள்ளே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. நான் ஒன்றும் முடிவெடுக்கவில்லை தம்பி. அந்தக் குடும்பத்தை அவமதிக்கவேண்டும் என்று நினைக்கவும் இல்லை. என் கை கோப்பையை மேசையில் வைத்துவிட்டது. வயிறு சரியில்லை என்று வாய் சொல்லிவிட்டது. ஸ்காபரோவில் சந்திக்குச் சந்தி உள்ள கடைகளில் கொத்துரொட்டி வாங்கித் தின்கிறவன் நான், குசினிக்குள் யார் நிற்கிறார் என்று ஒருநாளும் எட்டிப்பார்த்ததில்லை. அந்த வீட்டுக் கறியையே கிழமைக் கணக்காகத் தின்றிருக்கிறேன். மாஸ்ரர் எழுந்து கோட்டை எடுத்தார். கதவடியில் நின்று, "ஐயா, போன கிழமை நீங்கள் சாப்பிட்டதும் இவ சமைச்சதுதான்" என்று மட்டும் சொன்னார். தொலைபேசியில் முதல் நாளில் இருந்து என்னை அண்ணை என்று கூப்பிட்ட மனிதர் அன்றுதான் ஐயா என்றார். அவருடைய மனைவி என் கோப்பையை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

காற்றுக்கு அன்று வெறி பிடித்திருந்தது. மாஸ்ரர் குடும்பம் பெருந்தெருவுக்கு ஏறமுதல் அதன் வாசலில் இருக்கிற கேற்றை வீதிக்காரர் இறக்கிவிட்டார்கள், விளக்கு மின்னினால் வீதி மூடப்பட்டது, ஊருக்குத் திரும்பு என்று எழுதியிருக்குமே, அந்தக் கேற். புயல் என்றால் அங்கே வீதியையே பூட்டிவிடுகிறார்கள். பிறகு யார் எங்கே நிற்கிறானோ அங்கேதான் தங்கவேண்டும், ஊர்ச் சனம் வழிப்போக்கரை வீட்டுக்குள் எடுத்துக்கொள்ளும். அது அந்த மண்ணின் வழக்கம், வெளியில் விட்டால் செத்துப்போவான் என்று எல்லாருக்கும் தெரியும். நீ போய்க் கெஞ்சியும் மாஸ்ரர் நம் வீட்டுக்கு வரவில்லை. காருக்குள்ளேயே இருக்கிறேன் என்றாராம். கடைசியில் ஹெலன் வந்து கூட்டிக்கொண்டு போனார். முன்பின் தெரியாத மூன்று பேரை, ஒரு கேள்வி கேட்காமல்.

இரண்டு நாள் வீதி திறக்கவில்லை. ஹெலனின் குசினி ஜன்னலுக்கும் நம் ஜன்னலுக்கும் இடையில் நாற்பது அடி இருக்குமா? அடுத்த ஊருக்கு நூறு மைல் ஓடவேண்டிய நாட்டில் அந்த மூன்று பேரையும் புயல் கொண்டுவந்து எனக்கு நாற்பது அடிக்குள் வைத்திருந்தது. நீ சாப்பாட்டு நேரமெல்லாம் அங்கே போனாய், படுக்க மட்டும் வந்தாய். இரண்டாம் நாள் நான் பிளாஸ்கில் தேத்தண்ணி போட்டேன். பூட்ஸ் மாட்டினேன், கோட்டுப் போட்டேன், கதவையும் திறந்தேன். அந்த ஜன்னலுக்குள் மாஸ்ரர் ஹெலனோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்திருந்தால் நான் போயிருப்பேன். சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. நான் இல்லாமலும் அவருக்கு ஒரு குறையும் இல்லை என்று பட்டது. கதவைச் சாத்திவிட்டு அந்தத் தேத்தண்ணியை நானே குடித்தேன். இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. அன்று பின்னேரம் நீ அங்கே நின்ற நேரம் வதனி வந்து கதவைத் தட்டினாள். பனியில் கண்ணிமை வெளுத்திருந்தது. "அங்கிள், அப்பான்ரை மருந்துப் பை இஞ்சை விடுபட்டுப் போச்சுது" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு உடனே போகவில்லை. என் தோளுக்கு மேலால் குசினியைப் பார்த்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. "நீங்கள் சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். பொய் என்று அவளுக்குத் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். நான் அவளுடைய தகப்பனிடம் ஒரு கேள்வி கேட்டேன், அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். ஸ்காபரோவுக்குத் திரும்பி வந்த நாள் தொடங்கி இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வீதி திறந்து அவர்கள் போன பிறகு என்னையும் டென்வரில் கொண்டுவந்து விட்டாய். நான்கு மணித்தியாலமும் நீ வீதியையே பார்த்து ஓட்டினாய். விமான நிலையத்தில் என் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு ஒன்று சொன்னாய். "அப்பா, இஞ்சை ஒரு ஆளைக் கண்டுபிடிக்க எனக்கு எவ்வளவு காலம் எடுத்தது தெரியுமோ" என்றாய். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் திருப்பிச் சண்டை பிடித்திருப்பேன். நீ களைத்துப்போய்ச் சொன்னாய். நீ ஞாயிறுகளில் லாரமிக்குப் போகத் தொடங்கமுதல் அந்த வீட்டில் உன் பின்னேரங்கள் எப்படி இருந்திருக்கும் என்று விமானத்தில்தான் முதன்முதலாக யோசித்தேன். அந்தக் காற்றுக்குள் நான் பகலில் இருந்தது ஒரு பனிக்காலத்தில் பாதி. நீ வருடக் கணக்காக இருந்திருக்கிறாய். ஒவ்வொரு முறையும் "எல்லாம் ஓக்கே அப்பா" என்றுதான் தொலைபேசியில் சொன்னாய், நானும் நம்பினேன், நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

இங்கே வந்த பிறகும் நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. போன மாதம் லிப்ற்றில் ஒரு புதுப் பெடியன் ஏறினான், எங்கள் முகம். என் வாய் தானாகத் திறந்தது. அவன் அதைக் கண்டதும் தலையைத் தூக்கி மாடி இலக்கங்கள் எரிகிறதையே பார்த்துக்கொண்டு நின்றான். எத்தனை பேர் என்னோடு லிப்ற்றில் வரும்போது அந்த இலக்கங்களைப் பார்த்திருப்பார்கள், நான்தான் கவனிக்கவில்லை. ஆறாம் மாடியில் அவன் இறங்கிப் போனான். நான் ஒன்றும் கேட்கவில்லை. என் பாட்டில் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன்.

அம்மா இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது என்று நீ நினைக்கலாம். நானும் நினைத்துப் பார்த்தேன். அம்மா என்ன, என்னைவிடத் திறமாக ஊர் கேட்பாள். ஆனால் சாப்பிட்டிருப்பாள். தட்டில் போட்டதை வழித்துத் தின்று, கறிக்கு என்ன தூள் என்று விசாரித்து, படுக்கும்போது என் காதுக்குள் ஒரு மணித்தியாலம் முணுமுணுத்துவிட்டு, விடிய அந்தப் பிள்ளைக்குச் சேலை எடுக்கப் போவோம் என்று நிற்பாள். அவளுடைய வாய்க்கும் கைக்கும் இடையில் அவ்வளவு இடைவெளி இருந்தது. எனக்கு இல்லாமல் போனது அதுதான்.

மாஸ்ரருக்கு நீ ஒன்று சொல்லவேண்டும். என் மனம் மாறிவிட்டது என்று சொல்லாதே. அது எனக்கே நிச்சயமில்லை. அறுபது வருடத்துக்கு மேலாக ஊறிக் கிடந்ததை ஒரு விமானச் சீட்டு வாங்கிக் கழுவ முடியாது. அந்த மேசையில் உட்கார்ந்ததும் என் கை திரும்பவும் நின்றுவிடுமோ என்று எனக்கே பயமாக இருக்கிறது. ஆனால் அவர் என் மனதைக் கேட்கவில்லை, கவனித்தாயா? ஒரு நேரம் சாப்பிடட்டும் என்றுதான் கேட்டார். முடிகிற ஒன்றைக் கேட்டிருக்கிறார். நானாக இருந்தால் என்னைப் போன்றவனை வாசலுக்கே விட்டிருக்கமாட்டேன். ஆட்களே இல்லாத அந்த நாட்டில் ஒரு மனிதனை நான் தூக்கி எறிந்தேன், அவர் என்னைத் திரும்பப் பொறுக்கி எடுக்கப் பார்க்கிறார். அதற்குத்தான் எனக்குக் கோபம் வந்தது என்று இப்போது படுகிறது.

உனக்கும் சில சொல்ல இருக்கிறது, அப்பா என்ற முறையில். ஹெலன் சொன்னபடி காருக்குள் போர்வையும் தண்ணீரும் மெழுகுதிரியும் வைத்திரு, வழியில் பனிக்குள் இறுகிவிட்டால் காரை விட்டு இறங்கி நடக்காதே. தனிமை பழகிவிட்டது என்று பெருமைப்படாதே, பழகினால் பிறகு யாரும் வந்து கதவைத் தட்டினாலும் எரிச்சல் வரும், நான் இங்கே பார்த்துக்கொண்டிருக்கிறேன். வதனியை அந்தக் காற்றுக்குள் நாள்முழுக்கத் தனியே விட்டுவிட்டு வேலை வேலை என்று ஓடாதே. அம்மாவை நான் இந்தப் பத்தாம் மாடியில் அப்படித்தான் விட்டிருந்தேன். உங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அதற்கு ஊரின் பெயரைச் சொல்லிக்கொடு. எந்தப் பக்கம் என்று சொல்லிக்கொடுக்காதே. என்னிடம் கேட்டால் நானும் சொல்லமாட்டேன்.

வாற மாதம் இரண்டாவது சனிக்கிழமைக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். டென்வரில் இருந்து என்னை நேரே லாரமிக்குக் கூட்டிப்போ, உன் வீட்டுக்குப் பிறகு போகலாம். வதனியின் அம்மாவிடம் விசேஷமாக ஒன்றும் சமைக்கவேண்டாம் என்று சொல்லு, அன்று அவர்கள் என்ன சாப்பிடுகிறார்களோ அது போதும். பரிமாறுகிற வேலையை அந்தப் பிள்ளையிடம் விடச் சொல்லு. நீ என் முகத்தையும் பார்க்காதே, கையையும் பார்க்காதே, உன் தட்டைப் பார். சீனி வருத்தக்காரன் வெறும் வயிற்றோடு இருக்கக்கூடாது என்று டொக்ரர் சொல்லுவார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். விமானத்தில் கொண்டுவந்து நீட்டுகிற சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். அந்தப் பிள்ளை திரும்பவும் சாப்பிட்டீங்களோ என்று கேட்டால், இல்லை, பசிக்கிறது பிள்ளை என்று உண்மையைச் சொல்லவேண்டும்.

அப்பா